நூல் செல்லும் நெறி

துணி என்பது நூலின் ஒழுங்கு. தனித்து நின்றால் இரு விரலிடையே அறுந்துபோகும் பருத்தியிழை, பிற இழைகளோடு முறைப்படி பிணைந்தபின் ஓர் ஆளின் எடையைத் தாங்கும் வலிமை பெறுகிறது. ஆதலின், இழை எதனால் ஆனது என்பதற்கு முன், இழை எவ்வாறு பிணைந்தது என்பதே துணியறிவின் முதல் வினாவாகும். நெடுக்கே நிறுத்திய பாவினைக் குறுக்கே செல்லும் ஊடை மேலும் கீழுமாகக் கடப்பது நெய்தல். ஒரே இழை தான் இட்ட கண்ணிக்குள் தானே புகுந்து அடுத்த கண்ணியை ஆக்குவது பின்னல். முன்னமே துணியாகிவிட்ட ஒன்றையோ பலவற்றையோ ஊசியின் துணையால் ஊடுருவிச் சென்று பிணைப்பது தைத்தல். முன்னைய இரண்டும் துணியை ஆக்குவன. மூன்றாவது, ஆகிய துணியைப் பயன்பொருளாக்குவது. தையலின் பல்வேறு வடிவங்களுள் மிகுந்த எண்ணமும் அளவும் வேண்டுவது அடுக்குத்தையல். அது மேலைநாட்டு வீடுகளில் வளர்ந்து பெரும்பொறி நிலையை எட்டிய ஒரு தொழிலாயினும், அதன் உள்ளுறையான அறிவு இலங்கையின் அம்பாறைக் கரை நெசவூர்களுக்கு அயலானதன்று.

மூன்று படைகளை ஒன்றன்மேல் ஒன்றாக விரித்து, அவற்றை ஊடுருவும் தையலால் ஓருடலாக்கிய துணியை அடுக்குத்துணி என்போம். மேற்படை கண்ணுக்குரியது, அது ஒரே நெசவாகவும் இருக்கலாம், பல நிறத் துண்டுகளை இணைத்துத் தைத்த ஒட்டுமுகமாகவும் இருக்கலாம். நடுப்படை பெரும்பாலும் பஞ்சு. கீழ்ப்படை மற்ற இரண்டையும் தாங்கும் துணி. வங்கத்துப் பெண்கள் பழஞ்சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாவும், சிந்துவெளியின் இரல்லியும், கருநாடகத்துச் சித்தியர் தைக்கும் கவந்தியும் இவ்வினத்தின. ஐரோப்பாவில் எஞ்சியுள்ள மிகப் பழைய அடுக்குத்துணிகளுள் ஒன்று 14ஆம் நூற்றாண்டில் சிசிலித் தீவில் தைக்கப்பட்டு, இன்று இலண்டனின் விக்டோரியா ஆல்பர்ட்டு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரையில் நிறந்தீட்டிய பருத்தித் துணிகள் கப்பலேறி ஐரோப்பா சென்று, அங்கே பஞ்சு வைத்துத் தைத்த போர்வைகளின் முகமாயின. எனவே இத்தொழிலின் வரலாற்றில் தமிழ்நிலத்தின் பருத்திக்குப் பழைய பங்குண்டு.

வெப்பம் மூன்று வழிகளில் இடம்பெயரும் என்பதை இலங்கையின் தமிழ்வழி மாணவர் பள்ளியிலேயே கற்கின்றனர்: கடத்தல், மேற்காவுகை, கதிர்ப்பு. அடுக்குத்துணி முதலிரண்டையும் தடுக்கிறது. தடுப்பது பஞ்சன்று; பஞ்சின் இடுக்குகளில் சிறைப்பட்டு அசைவற்று நிற்கும் காற்றே தடுக்கிறது. நிலைத்த காற்றின் வெப்பக் கடத்தாறு, மீற்றருக்கும் கெல்வினுக்கும் ஏறத்தாழ 0.026 வாற்று மட்டுமே. நீரின் கடத்தாறு அதனைப்போல் இருபது மடங்குக்கும் மேற்பட்டது. மாரியில் நனைந்த போர்வை குளிரைத் தடுக்காமற் போவதன் விளக்கம் இவ்வெண்களிலேயே அடங்கியுள்ளது: காற்று இருந்த இடத்தை நீர் பிடித்துக்கொள்கிறது. கடும்பனி காணாத நம் கரைக்குத் தடித்த போர்வை வேண்டுவதில்லை. ஆயினும் மார்கழி, தை மழையிரவுகளில் குழந்தைக்கு ஒரு மெல்லடுக்குப் போர்வையும், தொட்டிலுக்கு ஒரு விரிப்பும், தொழுகைக்கு ஒரு மென்பாயும் எந்த வீட்டிலும் பயன்படும்.

நம் ஊர்த் தலையணைகளையும் மெத்தைகளையும் நிரப்பும் இலவம் பஞ்சு இவ்வகையில் வியக்கத்தக்க பொருள். அதன் ஒவ்வோர் இழையும் உள்ளீடற்ற நுண்குழல்; குழலின் பெரும்பகுதி காற்று; மேற்புறத்தில் மெழுகுத்தன்மையான பூச்சு. நீர் எளிதிற் புகாமையால் முற்காலத்தில் கடலோடிகளின் மிதப்புச் சட்டைகளிலும் அது திணிக்கப்பட்டது. ஆனால் அதே வழவழப்பு தையலுக்கு இடர் விளைக்கிறது: இலவிழை குட்டையானது, ஒன்றையொன்று பற்றாது, தையல் வரிகள் அகன்றிருந்தால் நழுவி ஒரு மூலையிற் குவியும். பருத்திப் பஞ்சு ஓரளவு பற்றி நிற்கும். ஆகவே நடுப்படையின் இயல்பே தையல் வரிகளுக்கிடையே விடத்தக்க தொலைவை முடிவு செய்கிறது. மேற்படையில் ஓடும் பூங்கொடி அழகுக்கெனத் தோன்றினும், அதன் முதற்பணி பஞ்சை இருந்த இடத்தில் இருத்துவது. வரிகள் நெருங்கின் துணி விறைக்கும்; அகலின் பஞ்சு ஓடும். இவ்விரண்டுக்கும் நடுவே நிற்பதே தைப்பவரின் தேர்வு.

கைத்தையலில் நூல் ஒன்று. அது மேலும் கீழும் புகுந்து ஓடும் ஓட்டுத்தையல். பொறித்தையலில் நூல் இரண்டு. 1846ஆம் ஆண்டு செத்தெம்பர் 10ஆம் நாள் எலியாசு ஓவு என்பார் அமெரிக்காவிற் காப்புரிமை பெற்ற பொறியின் நுட்பம், இன்றைய பெரும்பொறிகளிலும் அடிப்படையில் மாறவில்லை. கையூசியின் கண் பின்முனையில் இருக்க, பொறியூசியின் கண் கூர்முனைக்கு அருகில் இருக்கிறது. மேல்நூலை ஏந்திய ஊசி மூன்று படைகளையும் துளைத்துக் கீழிறங்கிச் சற்றே மேலெழத் தொடங்கும் நொடியில், துணியின் உராய்வு நூலைப் பிடித்துக்கொள்வதால், ஊசியின் பின்புறத்தில் ஒரு சிறு கண்ணி விரிகிறது. சுழலும் கொக்கி அக்கண்ணியைக் கவ்வி, கீழ்நூல் சுற்றிய உருளையைச் சுற்றிக் கொண்டுபோய் விட, மேலேயுள்ள இழுகோல் மிகுநூலை மீட்டுக்கொள்கிறது. இரு நூல்களும் ஒன்றையொன்று பற்றிப் பூட்டிக்கொள்கின்றன. இதனைப் பூட்டுத்தையல் என்பது பொருந்தும். பூட்டு விழவேண்டிய இடம் படைகளின் நடுத்தடிப்பு. மேலிழுவை மிகுந்தால் கீழ்நூல் மேல்முகத்தில் புள்ளிகளாகத் தோன்றும். கீழிழுவை மிகுந்தால் மேல்நூல் அடிமுகத்தில் தோன்றும். இரண்டு இழுவைகளும் நிகர்த்த நிலையில்தான் இரு முகங்களிலும் ஒரே நூல் மட்டும் படுத்திருப்பதுபோற் காணும். இந்நிகழ்ச்சி முழுவதும் பெரும்பொறியொன்றில் ஒரு மணித்துளிக்கு 1,500 முறையும் அதற்கு மேலும் நிகழ்கிறது.

வீட்டுத் தையற்பொறியில் ஊசி ஓரிடத்தில் நின்று குத்துகிறது; ஊசித்தட்டின் கீழுள்ள இழுபற்கள் துணியை நகர்த்துகின்றன. ஒரு சட்டைக்கு இது போதும். ஆறடிப் போர்வையின் மூன்று படைகளையும் சுருட்டிப் பொறியின் குறுகிய கழுத்துக்குள் திணித்து நகர்த்துவது உடலை வருத்தும், படைகளையும் மடிப்புறச் செய்யும். இவ்விடரை நீக்க எழுந்ததே மேலைநாட்டார் லோங் ஆம் என வழங்கும் நெடுங்கைப் பொறி. அதில் துணி நிற்க, பொறி நகர்கிறது. முன்னதில் எழுதுகோலை நிறுத்தித் தாளை அசைக்கிறோம்; பின்னதில் தாளை விரித்து எழுதுகோலை அசைக்கிறோம். பத்து, பன்னிரண்டு அடி நீளமான சட்டகத்தில் உருளைகள் கிடக்கின்றன. மேற்படையும் கீழ்ப்படையும் தனித்தனி உருளைகளிற் சுற்றப்பட்டு, இடையே பஞ்சு தொங்கவிடப்பட்டு, தைத்த பகுதி மற்றோர் உருளையில் ஏறுகிறது. ஊசிக்கும் பொறியின் பின்னுடலுக்கும் இடையே 18 முதல் 30 அங்குலம் வரை வெளியுண்டு. அவ்வெளியே ஒரு முறையில் தைக்கக்கூடிய பட்டையின் அகலத்துக்கு எல்லை. பொறி சில்லுகளின்மேல் நெடுக்கேயும் குறுக்கேயும் தடையின்றி உருள்வதால், இரண்டின் கூட்டால் எத்திசையிலும் செல்கிறது. உருளையும் இழுவையும் சுற்றித்தரும் கோலும் ஒரு தறிக்காரருக்கு விளக்கப்பட வேண்டியன அல்ல. பாவுருளையிலிருந்து அவிழ்ந்து துணியுருளையில் ஏறும் நெசவின் ஒழுக்கத்தையே இச்சட்டகம் பின்பற்றுகிறது.

இப்பொறியை வழிநடத்தும் முறைகள் இரண்டு. பொறியின் கைப்பிடிகளைப் பற்றித் தைப்பவரே நினைத்தபடி செலுத்துவது ஒன்று. இதனைத் தன்னோட்டத் தையல் என்போம். முன்னமே வகுத்த வழியைக் கணினி நினைவிற்கொண்டு பொறியை இட்டுச்செல்வது மற்றொன்று. இது கணிநெறித் தையல்.

தன்னோட்டத்தில் ஒரு கணக்கு மறைந்துள்ளது. தையலொன்றின் நீளம் 2.5 மில்லிமீற்றராகவும், ஊசி மணித்துளிக்கு 1,500 முறை குத்துவதாகவும் கொண்டால், நொடிக்கு 25 குத்துகள். ஆகவே கை நொடிக்கு 62.5 மில்லிமீற்றர் விரைவில் மாறாது செல்லவேண்டும். மனிதக் கையோ வளைவில் தளரும், நேர்வழியில் விரையும். ஊசியின் விரைவு மாறாதிருந்தால் வளைவுகளில் தையல் நெருங்கியும் நேர்வரிகளில் அகன்றும் போகும். பழகியவர்கள் பல ஆண்டுப் பயிற்சியால் இதனை வென்றனர். பின்னர் வந்த தையலளவி இச்சிக்கலைத் தலைகீழாக்கித் தீர்த்தது: கை ஊசிக்கு ஒத்துப்போவதை விடுத்து, ஊசி கைக்கு ஒத்துப்போகிறது. சில்லுகளோடு இணைந்த உணரிகள் பொறி நகர்ந்த தொலைவை இடைவிடாது அளந்து சொல்ல, மின்னோடி அதற்கேற்பக் குத்தின் விரைவைக் கூட்டியும் குறைத்தும் நடத்துகிறது. கை நின்றால் ஊசியும் நிற்கிறது. கையின் இயல்பான ஏற்றத்தாழ்வைக் குறையெனத் தள்ளாமல் அதனையே அளவுகோலாக ஏற்றுக்கொண்ட இப்பொறிநுட்பத்தை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கணிநெறித் தையலில் உரு என்பது புள்ளிகளின் வரிசை. ஒவ்வொரு புள்ளிக்கும் நெடுக்கு ஆள்கூறு ஒன்று, குறுக்கு ஆள்கூறு ஒன்று. இரண்டு மின்னோடிகள் பட்டைகளை இழுத்துப் பொறியைப் புள்ளியிலிருந்து புள்ளிக்கு இட்டுச்செல்கின்றன. உணரிகள் உண்மையில் அது எங்கே நிற்கிறது என்பதைத் திருப்பிச் சொல்ல, கணினி பிழையை அளந்து திருத்துகிறது. ஒரே பூவினை நூறு முறை ஒரே அளவில் இடவேண்டிய இடத்தில் இதற்கு நிகரான கை இல்லை. ஆனால் கணினி துணியைப் பார்ப்பதில்லை. ஒட்டுமுகத்தின் துண்டுகள் தைக்கும்போதே ஓரிரு மில்லிமீற்றர் விலகியிருக்கும். சதுரமென எண்ணியது சற்றே சாய்ந்திருக்கும். கீழ்நூல் தீரும், மேல்நூல் அறும். எனவே விளிம்பிலிருந்து விளிம்பு வரை படரும் பொது நிரப்பலைக் கணினிக்கும், குறிப்பிட்ட ஓர் உருவைச் சுற்றி அதன் உண்மையான எல்லையைத் தழுவிச் செல்லும் வரியைக் கைக்கும் விடுவதே முறை. இவ்விரண்டுள் எது உயர்ந்தது என்று வழக்காடுவோர் உண்டு. ஒரு விரிப்பிலேயே இரண்டுக்கும் வேலையிருப்பதால் அவ்வழக்கை நான் பொருட்படுத்துவதில்லை.

இரு முறைகளுக்கும் பொதுவான நெறி ஒன்றுண்டு: நூல் அறாமற் செல்லவேண்டும். ஒவ்வோர் அறுப்பும் இரண்டு நுனிகளைத் தருகிறது. ஒவ்வொரு நுனியும் முடிச்சிட்டுப் புதைக்கப்பட வேண்டும். புதைத்த இடமே பின்னாளில் அவிழும் இடம். ஆகவே தையலுரு வகுப்பவரின் முதற்கேள்வி, இவ்வுருவை வைத்த கை எடுக்காமல், சென்ற வழியே மீளாமல், ஒரே வரியில் முடிக்க இயலுமா என்பது. இக்கேள்விக்கு 1736ஆம் ஆண்டிலேயே ஒயிலர் என்னும் கணக்கறிஞர், ஓர் ஊரின் ஏழு பாலங்களைப் பற்றிய ஆய்வில் விடைக்கு வழி திறந்தார். வரிகள் கூடும் இடங்களைக் கணு என்போம். உருவின் வரிகள் யாவும் ஒன்றோடொன்று தொடர்ந்திருந்து, ஒற்றைப்படை எண்ணிக்கையில் வரிகள் கூடும் கணுக்கள் ஒன்றுமே இல்லையெனில், எங்குத் தொடங்கினும் அங்கேயே முடிக்கலாம். இரண்டே இருப்பின், ஒன்றில் தொடங்கி மற்றொன்றில் முடிக்கலாம். அதற்கு மேற்பட்டால் ஒரே வரி இயலாது. மூலைவிட்டம் இரண்டும் வரைந்த சதுரத்தை எடுத்துக்கொள்க. நான்கு மூலைகளிலும் மும்மூன்று வரிகள் கூடுகின்றன. ஆகவே எத்தனை பேர் எத்தனை நாள் முயன்றாலும் அது ஒரே வரியில் அடங்காது. இதே போல அறாத வரியால் தமிழ்ப் பெண்கள் வாசலில் இடும் கம்பிக்கோலத்தின் வரிகளில் உள்ள ஒழுங்கைச் சென்னையில் கிப்டு சிரோமணியும் அவர்தம் துணையாய்வாளரும் 1970களில் கணினியறிவியலின் மொழியில் ஆராய்ந்தனர்.

இனிப் பள்ளிவாசற் சுவர்களிலும் கதவுகளிலும் நாம் காணும் எண்முனை விண்மீனை நோக்குவோம். ஒரு சதுரத்தின்மேல் மற்றொரு சதுரத்தை அரைச் செங்கோண அளவு சாய்த்து வைத்தால் அது பிறக்கிறது. பார்ப்பவர்க்கு அது இரண்டு தனிச் சதுரங்கள். தைப்பவர் ஒன்றை முடித்து, நூலறுத்து, மற்றொன்றைத் தொடங்கவேண்டும் எனத் தோன்றும். கணுக்களை எண்ணுவோம். வெளிமுனைகள் எட்டு, ஒவ்வொன்றிலும் இரு வரிகள். வெட்டுமிடங்கள் எட்டு, ஒவ்வொன்றிலும் நான்கு வரிகள். எட்டுப் பக்கங்களும் மும்மூன்று துண்டுகளாகப் பிரிந்து இருபத்து நான்கு துண்டுகள் உள்ளன. ஒற்றைப்படைக் கணு ஒன்றுமில்லை. ஆகவே வெட்டுமிடங்களில் தக்கவாறு திரும்பிச் சென்றால், இருபத்து நான்கு துண்டுகளையும் ஒரே ஒரு முறை கடந்து, தொடங்கிய புள்ளிக்கே நூல் அறாமல் மீளலாம். இருசதுர உருவுக்குள் இவ்வொருவரி ஒழுங்கு எண்ணுவதற்கு முன்னும் இருந்தது. எண்ணியபின் நமக்குப் புலப்பட்டது.

கணினிக்கும் நெசவுக்கும் உள்ள உறவு, கோலத்தோடு அதற்குள்ள உறவைவிட நேரானது. 1725இல் பிரான்சின் இலியோன் நகரில் துளையிட்ட தாளால் பாவிழைகளைத் தேர்ந்து உயர்த்தும் முறை தொடங்கிற்று. 1804இல் சக்கார்டு அதனைத் துளையட்டைத் தறியாக நிறைவுபடுத்தினார். துளை இருந்தால் இழை எழும்; இல்லையேல் எழாது. இவ்விருநிலைக் குறியை 1830களில் பாபேச்சு தம் கணக்கிடும் பொறிக்கு எடுத்தாண்டார். தறியிலிருந்து கணினிக்குச் சென்ற நெறி இன்று தையற்பொறிக்குத் திரும்பி வந்திருக்கிறது.

கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பைக் கடந்து, மட்டக்களப்புச் சாலையோரம் கிடக்கும் மருதமுனை, கைத்தறியாற் பெயர்பெற்ற முசுலிம் ஊர். அதன் சாறன்களும் சேலைகளும் இலங்கை முழுவதும் அறியப்பட்டவை. ஒரு கட்டச் சாறனில் உள்ள கணக்கு சிறிதன்று. பாவில் நான்கு நிறங்களும் ஊடையில் அதே நான்கு நிறங்களும் வந்தால், குறுக்குமறுக்கில் பதினாறு சந்திப்புகள் பிறக்கும். அவற்றுள் நான்கு தனிநிறம், எஞ்சிய பன்னிரண்டும் இரண்டிரண்டாக ஒத்து ஆறு கலப்புநிறமாகும். ஆக நான்கு சாயத்திலிருந்து பத்து நிறத்தோற்றங்கள். பாவோட்டும்போது எத்தனை இழைக்குப்பின் எந்நிறம் என்னும் வரிசை பிழைத்தால் துணியின் கடைசி முழம் வரை அப்பிழை தொடரும். இவ்வரிசையை மனத்திற்கொண்டு நடப்பவரிடம், கணிநெறி என்பது முன்னமே வகுத்த வரிசையைப் பிழையின்றி நிறைவேற்றுவது என்று சொன்னால், அது தாம் செய்துவரும் தொழிலின் வேறொரு பெயரென்றே கொள்வார்.

இத்தொழில் ஒருவரால் நடப்பதன்று. சாயமிடுதல், கஞ்சியிடுதல், நாடாவுக்குள் வைக்கும் சிறுகுழலில் நூல் சுற்றுதல், பாவோட்டுதல், அச்சிற் கோத்தல், நெய்தல் என ஒரு வீடே பல கைகளாகப் பிரிந்து இயங்குகிறது. அதற்கு இக்கரையின் குடியமைப்பும் துணைநிற்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையில் தமிழரும் முசுலிம்களும் தாய்வழிக் குடிமுறையைப் பேணி வந்தவர்கள். மணமுடித்த பெண்ணுக்கு, ஊரார் சீதனமென வழங்கும் மணக்கொடையாக, வீடு சேர்கிறது. மாப்பிள்ளை பெண்வீட்டுக்கு வருகிறார். இதனால் உம்மாவும் உம்மம்மாவும் சாச்சியும் ராத்தாவும் ஒரே வளவிலோ ஒரே ஒழுங்கையிலோ வாழ்வது இயல்பு. பெண்வழிப் பழகிய கைத்திறன் இடம்பெயராமல் அதே முற்றத்தில் அடுத்த தலைமுறைக்குச் சேர்கிறது. பன்னிரண்டடிச் சட்டகமும் விலைமிகுந்த பொறியும் தனி வீட்டுக்குப் பெருஞ்சுமை. நான்கு வீடுகள் சேர்ந்த ஒரு வளவுக்கு அது பொதுவுடைமை. அமெரிக்காவிலும் ஆத்திரேலியாவிலும் ஒட்டுமுகத்தை ஒருவர் வீட்டில் தைத்து, நெடுங்கைப் பொறி வைத்திருக்கும் மற்றொருவரிடம் கொடுத்து அடுக்குத்தையல் இடுவித்துக்கொள்ளும் வழக்கமுண்டு. அங்கே அது கூலிக்கு நடப்பது. இங்கே உறவுக்குள்ளேயே நடக்கலாம்.

மருதமுனைத் தறிகள் பல அடிகளைத் தாங்கியவை. 1977இற்குப்பின் திறந்துவிடப்பட்ட இறக்குமதி கைத்தறியை நெருக்கிற்று. உள்நாட்டுப் போர் சந்தையைச் சுருக்கிற்று. 2004 திசம்பர் 26ஆம் நாட் கடற்பேரலை கரையோர வீடுகளை அழித்தது. நெய்த துணியை முழமாக விற்பதோடு நில்லாமல், அதனைப் பன்மடங்கு மதிப்புள்ள பொருளாக வீட்டுக்குள்ளேயே ஆக்கும் வழி இவ்வூர்களுக்கு வேண்டும். தறியில் எஞ்சும் துண்டுகளும், ஆடைத் தொழிற்சாலைகள் கழிக்கும் வெட்டுத்துண்டுகளும் ஒட்டுமுகத்துக்கு உரிய மூலப்பொருள்.

அறிவு புகுவதற்கு மொழி தடையன்று. கல்முனைக்குத் தெற்கே சாய்ந்தமருதைக் கடந்தால் வரும் காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள், 1936ஆம் ஆண்டுச் சென்னைக் கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1947இல் வெளிவந்த யாழ்நூலில் இசையின் அலகுகளைத் தமிழிலேயே கணக்கிட்டுக் காட்டினார். இழுவை, கடத்தாறு, ஆள்கூறு என்பன நம் பிள்ளைகள் பள்ளியிற் பயிலும் சொற்கள். பாவு, ஊடை, நாடா என்பன தறிவீட்டின் சொற்கள். தன்னோட்டம், கணிநெறி, தையலளவி, நெடுங்கைப் பொறி ஆகியவற்றை அவற்றின் அருகில் வைத்திருக்கிறேன். பழகும் கைகள் இவற்றினும் எளியனவற்றைத் தருமாயின் அவையே நிலைக்கட்டும்.

முதற்பொருளாகத் தொழுகை விரிப்பொன்றை எடுத்துக்கொள்வது நன்று; அது சிறியது, அளவு தெரிந்தது. கைத்தறித் துணியை முதலில் நனைத்துக் காயவைத்துச் சுருங்கவிட வேண்டும்; சாயம் கசிகிறதா என்பதையும் வெள்ளைத் துண்டொன்றோடு சேர்த்து நனைத்து அறியவேண்டும். துண்டுகளைப் பாவின் வழியே வெட்டுக. சாய்வாக வெட்டியது இழுபட்டு நீளும். முழங்கால் ஊன்றும் பொருளாதலின் நடுப்படைக்கு இலவு ஆகாது. மெல்லிய பருத்திப் பஞ்சே ஏற்றது. அதே படைகளால் ஆன கழிதுண்டொன்றில் தைத்துப் பார்த்து, பூட்டு நடுத்தடிப்பில் விழும்வரை இரண்டு இழுவைகளையும் சரிசெய்தபின், தலைமாட்டிலிருந்து தொடங்கி, எண்முனை விண்மீனை ராத்தாவின் கை தன்னோட்டமாகத் தைக்க, சூழ்ந்த வெளியைக் கணினி நெருக்கமான வரிகளால் நிரப்பட்டும். பட்டை முடியுந்தோறும் உருளையைச் சுற்றிக்கொடுப்பதும் கீழ்நூலை மாற்றுவதும் இளையவர்களின் வேலை. விளிம்புப் பட்டியை மடித்து மூடுவதற்குப் பொறி வேண்டியதில்லை. உம்மாவும் உம்மம்மாவும் எதிரெதிரே அமர்ந்து இரு முனைகளிலிருந்தும் கைத்தையல் இட்டு வந்தால் ஒரு மாலைக்குள் அது முடிந்துவிடும்.